ஊறுகாய் ஜாடிக் கற்கள்

தம்பிக்கு அப்பா எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று ஆரம்பித்தால் நீ நம்ப மாட்டாய். உன்னை அப்படி வளர்த்தவனே நான்தான். அதனால் அந்த வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை நீ ஓசூரில் லீவு போட்டுவிட்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறாய். நர்ஸ் சிவகாமி மேல் நீ எழுதிக் கொடுத்த புகாரை அன்றைக்கு விசாரிக்கிறார்கள். எனக்கு நாலாவது முறை கீமோ மருந்து ஏற்றியபோது அந்தப் பெண் டிரிப்ஸ் சொட்டை வேகமாகத் திறந்துவிட்டாள், அதனால்தான் அப்பா காய்ச்சலில் ஐந்து நாள் பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்தார் என்பது உன் புகார். சிவகாமி சொட்டை வேகமாகத் திறக்கவில்லை. திறந்தாள் என்று உன்னிடம் சொன்னவன் நான். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியிலேயே நீ குறுக்கே விழுந்து, "இன்னாப்பா, ஆஸ்பத்திரிக்காரங்க மெரட்டுனாங்களா? பக்கத்துல யாரு கீறாங்க, போன அவங்ககிட்ட குடு" என்பாய். என் பக்கத்தில் யாரும் இல்லை. உன் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரல் மரத்துப்போன கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து வேறு யாராவது எழுதியதோ என்று நினைக்காதே. கீமோவுக்குப் பிறகு பேனா பிடிப்பது பாம்பைப் பிடிப்பதுபோல இருக்கிறது. ரிஜிஸ்டர் தபாலில்தான் அனுப்புகிறேன். கையெழுத்து வாங்காமல் தரமாட்டார்கள் அல்லவா, நீ வாங்கினாய் என்று எனக்கும் ஒரு அத்தாட்சி இருக்கும்.

என் சந்தேக புத்தி எங்கே பிடித்தது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. முப்பது வருஷம் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் உட்கார்ந்ததால் வந்தது என்றுதான் ஊரே நினைக்கிறது. அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கரும்புக் கட்டுக்கு நடுவில் கருங்கல்லைச் சொருகிக்கொண்டு வருவார்கள். கட்டில் ஒட்டிய சோகை இலையில் தண்ணீர் அடித்துக்கொண்டு வருவார்கள். டிராக்டரை எடைமேடையில் ஏற்றிவிட்டு, டிரைவர் இறங்காமல் சீட்டுக்கு அடியில் படுத்துக்கொள்வான். "இறங்குப்பா" என்றால் முதுகுவலி என்பான். அங்கே நான் யாரையும் நம்பவில்லை, வீட்டுக்கு வந்தும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கவில்லை. உன் கல்யாணத்தில் என்ன செய்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? திருக்கோவிலூர் மண்டபத்துக்கு உன் மாமனார் பந்திக்கு அரிசி மூட்டை இறக்கினார். சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மூட்டை ஒன்றைத் தராசில் தூக்கி வைக்கச் சொன்னேன். முந்நூறு கிராம் கூடவே இருந்தது. கம்மியாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீ மாலையோடு வந்து, "ப்பா, மானத்த வாங்காத, வுட்டுடுப்பா" என்று கெஞ்சினாய். உன் மாமனார் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது நியாயம்தான்.

ஆனால் அந்த புத்தி பிடித்தது ஆலையில் இல்லை, வெள்ளிமலையில். எனக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. மலையில் புளியும் கடுக்காயும் வாங்குகிற ஒரு வியாபாரியிடம் எடை போடுகிற வேலை. அவர் பெயர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார். இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும், பார்த்திருப்பாய். எடை சரியாக நிற்பதற்காக அதில் ஈயம் ஊற்றி முத்திரை போட்டிருப்பார்கள். எங்கள் முதலாளி அந்தக் குழியைக் குடைந்து பெரிதாக்கி, இன்னும் ஈயம் ஊற்றி வைத்திருந்தார். ஒரு கிலோ என்று எழுதிய கல் ஒரு கிலோ நூறு கிராம் இருக்கும். மலைக்காரர்கள் தலைச்சுமையாகப் புளியைக் கொண்டுவந்து இறக்குவார்கள். நான் அந்தக் கல்லை வைத்துப் புளியை அளப்பேன். பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ சும்மா வந்துவிடும். இரண்டு வருஷம் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். வேலையை விட்டு இறங்கும்போது மூன்று கல்லை எடுத்துக்கொண்டும் வந்துவிட்டேன். நம் வீட்டில் ஊறுகாய் ஜாடி மூடிகளின் மேல் கனத்துக்கு வைத்திருக்கிறாளே உன் அம்மா, இரண்டு கிலோ கல் ஒன்றும் ஒரு கிலோ கல் இரண்டும், அவைதான். நானே ஏமாற்றினவன், அதனால் எல்லாரும் ஏமாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் சந்தேகத்துக்கு வேர் இவ்வளவுதான்.

இந்தக் கண்ணோடுதான் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். குடலில் சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள், இனிமேல் வராமல் இருக்க சத்து மருந்து ஏற்றுகிறார்கள் என்று நீயும் அம்மாவும் பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தீர்கள். சத்து மருந்து ஏற்றுகிற அறையில் நர்ஸ் எதற்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டு வருகிறாள் என்று நான் யோசிக்க மாட்டேனா? புற்றுநோய் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை உங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. இன்னும் எதையெல்லாம் மறைக்கிறார்கள் என்று பார்ப்போமே என்று இருந்துவிட்டேன். ஒரு பாட்டிலுக்குக் கறுப்பு உறை போட்டுத் தொங்கவிட்டார்கள். வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டுப்போகும் என்றார்கள். அளவு தெரியக்கூடாது என்று மூடியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆத்தூர்க்காரருக்குத் தலைமுடி, புருவம் எல்லாம் கொட்டிப்போயிற்று. எனக்கு ஒரு முடி அசையவில்லை. சரிதான், நமக்கு வெறும் தண்ணீரைத்தான் ஏற்றுகிறார்கள் என்று மூன்று வாரம் அதே நினைப்பு. வீட்டுக்கு வந்து குழாயில் கை வைத்தால் ஷாக் அடித்தது. மோட்டாரில் கரண்ட் கசிகிறது என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கொழாயில ஒண்ணியும் இல்லிங்க, உங்க கையிலதான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த மருந்து ஏறினால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே அப்படித்தான் இருக்குமாம். குடிக்கிற தண்ணீர் தொண்டையில் கண்ணாடித்தூள்போல இறங்கியது. கஞ்சி வாயில் இரும்பாக இருந்தது. உன் அம்மா பாத்திரத்தை மாற்றிவிட்டாளோ, அரிசியை மாற்றிவிட்டாளோ என்று அவளையும் விட்டுவைக்கவில்லை.

இந்தக் கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன ஒரே ஆள் சிவகாமி. "எல்லா மருந்துக்கும் முடி கொட்டாதுங்க ஐயா. உங்களுதுக்குக் கை காலு மரத்துப்போவும், சில்லுனு தொடாதீங்க" என்று முதல் நாளே சொன்னாள். நான்தான் காதில் வாங்கவில்லை. ஊசி குத்த நரம்பு கிடைக்காதபோது என் கையை வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றி, கால் மணி நேரம் உட்கார்ந்து நரம்பைத் தேடினாள். எந்த ஊர் பெண்ணே என்று கேட்டேன். "வெள்ளிமலைங்க, அங்கிருந்து உள்ள போவணும்" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவள் தாத்தாவுக்கு நான் புளி எடை போட்டிருப்பேனோ? வீட்டில் என்னைப் பற்றிப் பேச்சு இருந்திருக்குமோ? எல்லாம் தெரிந்துகொண்டுதான் இவ்வளவு அன்பாக இருக்கிறாளோ? ஐம்பது வருஷம் கழித்து ஒரு பெண் என் கையைப் பிடித்து நரம்பு தேடினால், அதற்குக்கூட என் மனசு கணக்குப் போட்டது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது எடைக்கு வருகிறேன். ஒவ்வொரு முறையும் மருந்துக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் மருந்தின் அளவைக் கணக்கிடுவார்கள். ஆபரேஷன் முடிந்து வந்தபோது நான் அறுபத்திரண்டு கிலோ. முதல் முறை அறுபத்தொன்று, இரண்டாம் முறை ஐம்பத்தெட்டு. அன்றைக்கு டாக்டரம்மா உன்னைப் பார்த்து, "எடை இப்படியே இறங்கினா மருந்தை நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார். நீ தலையாட்டினாய். வெளியே வந்து, எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, தள்ளிப்போய் நின்று அம்மாவோடு போனில் பேசினாய். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். கேட்காமலே நானாக ஒன்றை முடிவுகட்டினேன், ஏனென்றால் அந்த மாதிரித் தள்ளிப்போய் நின்று பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியும். உன் பெரியப்பாவுக்கு நானே அதைச் செய்திருக்கிறேன்.

பெரியப்பாவுக்குத் தொண்டையில் வந்தபோது நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். மருந்து தாங்காமல் உடம்பு கரைந்து நாற்பது கிலோவுக்கு வந்துவிட்டார். போதும், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று நானும் அவர் பிள்ளைகளும் பேசி முடித்தோம். அவரிடம் நான்தான் போய், "சரியாப்போச்சுணா, டாக்டரு வூட்டுக்குப் போவச் சொல்லிட்டாரு" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "நெஜமாவாடா? நீ எடை போடுறவன், எனுக்கு மட்டும் கம்மியா போட்டுடாதடா" என்றார். நிஜம்தான் என்றேன். அவர் அதை நம்பவில்லை, என் மனம் நோகக்கூடாது என்று நம்பியதுபோல இருந்தார். இரண்டு மாதத்தில் போய்விட்டார். அந்த இரண்டு மாதமும், யார் அறைக்குள் வந்தாலும் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கேட்க அவருக்கு ஆயிரம் இருந்திருக்கும், சொல்லவும் இருந்திருக்கும். அதற்கு வழியில்லாமல் அடைத்தவன் நான். டாக்டரம்மா மருந்தை நிறுத்தி யோசிக்கணும் என்று சொன்னபோது எனக்கு என் எடை ஞாபகம் வரவில்லை, அந்த மாடிப்படிதான் ஞாபகம் வந்தது. அடுத்து என் முறை, இவர்கள் எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லப்போகிறார்கள் என்று பயந்தேன்.

மூன்றாவது முறை சேலத்துக்குக் கிளம்பும்போது ஜாடி மேலிருந்த ஒரு கிலோ கற்கள் இரண்டையும் எடுத்து, என் பச்சை பெல்ட்டின் பைகளில் ஒன்றொன்றாகச் செருகிக்கொண்டேன். சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டால் தெரியாது. முந்தின நாள் ரேஷன் கடைத் தராசில் பார்த்த உண்மையான எடை ஐம்பத்தைந்தரை, ஆஸ்பத்திரி மெஷினில் ஐம்பத்தேழு எழுநூறு காட்டியது. நூறு நூறு கிராம் ஈயத்தையும் விடாமல் காட்டியது என்றால் அந்த மெஷின் சரியானதுதான். ஆஸ்பத்திரியில் நான் சந்தேகப்படாத ஒரே பொருள் அதுதான். டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். நீ அம்மாவுக்குப் போன் போட்டு, "எடை நின்னுடுச்சும்மா" என்று சத்தமாகச் சொன்னாய். தள்ளிப்போகாமல் என் பக்கத்திலேயே நின்று சொன்னாய். அதற்காகவே இன்னும் ஐந்து கிலோ சுமக்கலாம் என்று தோன்றியது. நாலாவது முறை மூன்று கல்லையும் சுமந்தேன். இரண்டு கிலோ கல்லைப் பட்டாபட்டி டிராயர் பையில் போட்டுக்கொண்டு நடந்தபோது இடுப்பு விட்டுப்போயிற்று. உண்மையான எடை ஐம்பத்துமூன்று. மெஷின் காட்டியது ஐம்பத்தேழு நானூறு. கல்லைச் சொருகிக்கொண்டு வந்தவர்களை முப்பது வருஷம் பிடித்தவன், கடைசியில் நானே கரும்பு வண்டியாகிவிட்டேன்.

அன்றைக்கு எடை எழுதினவள் சிவகாமி. நீ மருந்துக் கடையில் நின்றிருந்தாய். அவள் மெஷினைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். "ஐயா, ஒடம்பு வத்திக்கினே போவுது, எடை மட்டும் அசையாம நிக்குது. அந்தப் பெல்ட்ட கழட்டிட்டு இன்னொரு தபா ஏறுங்க" என்றாள். "இன்னா பொண்ணே, பெல்ட்டுல திருட்டு சாமான் வச்சிக்கினு கீறேன்னு சொல்றியா? உங்கப்பன் வயசு எனுக்கு" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எடைக்குப் பக்கத்தில் "பெல்ட்டுடன்" என்று எழுதிவிட்டு ஃபைலை அனுப்பினாள். கூட்டத்தில் டாக்டரம்மா அதைக் கவனிக்கவில்லை. மருந்து ஏறியது. சொட்டை அந்தப் பெண் கையால் திறக்கவே இல்லை. மருந்துக் குழாயில் மாட்டியிருந்த மெஷின்தான் எண்ணி எண்ணி விட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கூடவே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் நாள் காய்ச்சல். வாயெல்லாம் புண், நிற்காத பேதி. ஆம்புலன்ஸில் போட்டுக்கொண்டு போனார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடப்பவனை யாரும் எடை போடவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன என்று சொன்னார்கள். நீ ஓசூரிலிருந்து ஓடிவந்து, "எப்பிடிப்பா ஆச்சு, இன்னா பண்ணாங்க?" என்று கேட்டாய். எனக்கு நினைவு தெளிந்துதான் இருந்தது. கல் விஷயம் வெளியே வந்துவிடும், அந்தப் பெண் எப்படியும் சொல்லிவிடுவாள், அவள் சொல்வதற்குள் அவள் பேச்சை யாரும் நம்பாதபடி செய்துவிட வேண்டும் என்று படுத்த படுக்கையில் எனக்கு மூளை வேலை செய்தது. "அந்த வெள்ளிமலைப் பொண்ணுதான் வேகமா தொறந்து வுட்டுட்டா" என்றேன். ஊரை வேறு சேர்த்துச் சொன்னேன் பார். நீ போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டே வார்டுக்குப் போய், "மலையிலேர்ந்து எறங்கி வந்தா எல்லாம் தெரிஞ்சிடுமா?" என்று அவளிடம் கத்தினாய். அவள் கையில் வேறொருவருக்குப் போட வேண்டிய ஊசி இருந்தது. அதைத் தட்டில் வைத்துவிட்டு நின்றாள். அந்த வீடியோ நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் சுற்றி, எனக்கே வந்து சேர்ந்தது. நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதே. நீ பேசின ஒவ்வொரு வார்த்தையும் என் வாயிலிருந்து போனது.

கல்லைக் கண்டுபிடித்தவள் உன் அம்மா. காய்ச்சலில் என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது பெல்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் நாள், கஞ்சி டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏங்க, ஜாடி மேல இருந்த கல்லு உங்க பெல்ட்டுக்குள்ள இன்னா பண்ணிக்கினு இருக்குது?" என்று கேட்டாள். கோபமே இல்லை. நான் டம்ளரைக் கையில் எடுத்தேன். அவள் மெதுவாக, "நாலு நாளா வச்சிக்கினு யோசிச்சேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். அந்தப் பொண்ண ரெக்கார்டு ரூமுக்கு மாத்திட்டாங்களாம். விசாரணைல தப்புன்னு ஆச்சுன்னா அனுப்பிடுவாங்களாம். அதும் சம்பாத்தியத்துலதான் தம்பிங்க ரெண்டு பேரு படிக்கிறானுங்க" என்றாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதல் முறை மருந்துக்கு அம்மாவும் கூட வந்தாளே, அன்றைக்கு நான் தூங்கும்போதெல்லாம் சிவகாமிதான் அவளுக்குப் பேச்சுத் துணையாம். வாரத்துக்கு ஒருமுறை போன்கூடப் பேசுவார்களாம். என் சந்தேகக் கண்ணுக்கு இது ஒன்று தப்பிவிட்டது.

திங்கட்கிழமை அம்மாவும் நானும் உனக்குச் சொல்லாமல் சின்னசேலம் போய், சேலம் பஸ் பிடித்தோம். டாக்டரம்மாவிடம் பெல்ட்டையும் மூன்று கல்லையும் மேசை மேல் வைத்தேன். அவர் ஒவ்வொரு கல்லாகக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "இதனாலதான் காய்ச்சல் வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். சரியான அளவு கொடுத்தாலும் சிலருக்கு வரும். ஆனா ஒன்பது கிலோ இறங்கியிருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கு நான் மருந்தே ஏத்தியிருக்க மாட்டேன். முதல்ல சாப்பாட்டைச் சரி பண்ணியிருப்பேன், அப்புறம் அளவைக் குறைச்சிருப்பேன்" என்றார். என் உயிரோடு நானே விளையாடியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஃபைலைத் திறந்து "பெல்ட்டுடன்" என்ற வார்த்தையைப் பார்த்ததும், "இதை நானும் கவனிச்சிருக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சிவகாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்தாள். நான் எழுந்து நின்று, பொய் சொன்னதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நின்றபடியே, அந்தக் கல் எந்தக் கல், எந்த மலையில் எதை அளந்தது என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

அவள் கல்லை எடுத்துப் புரட்டி அடியில் இருந்த ஈயத்தைப் பார்த்தாள். "கல்லு ஜாஸ்தின்னு மலைல எல்லாருக்கும் தெரியும்ங்க ஐயா. எங்க தாத்தா சொல்லுவாரு. அதனாலதான் புளில தண்ணி தெளிச்சி, கொட்ட எடுக்காம, நடுவுல கல்லும் ரெண்டு வச்சிக் கட்டிக்கினு வருவாங்களாம்" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. "அது போவட்டும்ங்க. அன்னிக்கி நீங்க என்ன கத்துனப்ப நான் பெல்ட்ட வுட்டிருக்கக் கூடாது. பயந்துக்கினு வுட்டுட்டேன். அதான் என் தப்பு" என்றாள். அவள் தாத்தா கதை நிஜமா, அழுகிற கிழவனைச் சமாதானப்படுத்தச் சொன்னதா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். இந்தப் புத்தி என்னோடுதான் போகும் போலிருக்கிறது.

நான் சொன்னால் மட்டும் போதாதாம். புகார் உன் பெயரில் இருக்கிறது, நீ வந்து எழுதிக் கொடுத்தால்தான் எடுக்க முடியும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எனக்கு இருக்கிற பயம் இதுதான் தம்பி. நீ என் பிள்ளை. இந்தக் கடிதத்தைப் படித்ததும், கிழவனை மிரட்டி எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் உனக்கு முதலில் தோன்றும். உன் இடத்தில் நான் இருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். சந்தேகப்படாதே என்று உனக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் போய்ப் பார், கேள், நிறுத்துப் பார். நான் அரிசி மூட்டையை நிறுத்துப் பார்த்தேன், அவமானப்பட்டாலும் உண்மை தெரிந்தது. நீ தள்ளிப்போய் நின்று என்ன பேசினாய் என்று உன்னைக் கேட்கவில்லை, அதற்குத்தான் இவ்வளவு கேடு. அன்றைக்கு நீ வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். இப்போதுதான் அவள் சொன்னாள்.

அதனால் என்னை நம்ப வேண்டாம். வியாழக்கிழமை வா. மூன்று கல்லையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். நீயே அந்த மெஷினில் வைத்துப் பார், நாலு கிலோ நானூறு காட்டும். பிறகு நான் பெல்ட் இல்லாமல், துண்டு இல்லாமல் ஏறுகிறேன். திங்கட்கிழமை நாற்பத்தொன்பது கிலோ இருநூறு இருந்தேன். சிவகாமிதான் எழுதினாள். அவளிடம் நீ மன்னிப்புக் கேட்கும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன். அந்த வீடியோ போன குரூப்பிலேயே நடந்ததைச் சொல்லு, என் பெயரைச் சேர்த்தே சொல்லு. அதற்கப்புறம் டாக்டரம்மா மருந்தைத் தொடரலாம் என்றாலும் சரி, போதும் என்றாலும் சரி, அந்த எடையைப் பார்த்து உனக்கு அழுகை வந்தாலும் சரி, எதுவானாலும் என் எதிரிலேயே நின்று சொல்லு. தள்ளிப்போய்ப் பேசாதே.